நாடற்றவர் என்ற பெயரோடு 55 ஆண்டுகள்

(திருகோணமலை மாவட்டம் இலங்கைத்துறையில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கரையோரக் குடும்பங்களும் ஒன்றுகூடிய சந்திப்பில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாமற்போன அங்கத்தவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

அன்பான தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, இலங்கைத்துறையின் பெரியோர்களே, பிள்ளைகளே,



நாம் மலையிலிருந்து இறங்கி இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறோம். நமக்கு முன்னே நம் தண்ணீர் வந்துவிட்டது. நம் மலைகளில் பெய்கிற மழைதான் மகாவலியாக ஓடி வருகிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகி, இங்கே பக்கத்தில்தான் கடலில் விழுகிறது. அந்தத் தண்ணீரை வழியில் யாரும் நிறுத்தி, "உன் அப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்? கடதாசி இருக்கிறதா?" என்று கேட்டதில்லை. நம்மைக் கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

தொலைக்காட்சிச் செய்தியில் குர்து மக்களைக் காட்டும்போது, "நாடில்லாத மக்கள்" என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டு நம் பிள்ளைகள், "நம் தாத்தாமாரையும் அப்படித்தானே சொன்னார்கள்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்றல்ல. ஆனால் ஓரிடத்தில் இரண்டும் மிக நெருங்கி வருகின்றன. அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் நம் கதை.

வாக்கு இருந்தவரை மனிதர்

நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்காக வந்தார்கள், பிறகு தேயிலைக்காகவும் றப்பருக்காகவும் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. தோட்டத்துக்கு வந்த பிறகும் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனைத் துண்டுச்சீட்டில் எழுதி, அந்தக் கடனோடு அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும் முறை அது. 1921இல்தான் அது ஒழிந்தது. நம்மைக் கட்டிய முதல் கடதாசி அந்தத் துண்டுதான்.

1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அப்போதே நமக்கு மட்டும் தனி நிபந்தனைகள் வைத்தார்கள். ஆனாலும் நம்மில் பெருந்தொகையானோர் வாக்காளர் இடாப்பில் ஏறினார்கள். 1946ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நாம் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான், கே. இராஜலிங்கம், சி.வி. வேலுப்பிள்ளை முதலானோர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் நம் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. கொழுந்து பறிக்கிற கை வாக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதை அன்றைய ஆட்சியாளர் கண்டுகொண்டார்கள். அதுதான் நம் குற்றமாகிப் போனது.

1948: ஒரு கேள்வி, பதில் இல்லாத கேள்வி

1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டு முடியும் முன்பே, நவம்பர் 15ஆம் திகதி, பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். அதில் "இந்தியத் தமிழர்" என்ற சொல்லே இல்லை. பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான சட்டம்போல் இருக்கும். ஆனால் அதன் கேள்வி இது: நீ இங்கே பிறந்தாய், சரி. உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? எங்கே அத்தாட்சி?

தோழர்களே, லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு வைத்தார்கள்? தோட்டத்து ஆளுக்குத் தகப்பன் பெயர் தெரியும், ஊர் தெரியும், குலதெய்வம் தெரியும். பாட்டன் பிறந்ததற்குப் பத்திரம் எங்கே கிடைக்கும்? கொழும்பில் கோட்டுப் போட்ட பலருக்கும் அந்தப் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் நாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் தகப்பனைத்தான் பார்த்தார்கள், தாயைப் பார்க்கவில்லை. மலையில் கொழுந்துக்கூடை சுமந்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவள் பெண். ஆனால் அவள் பிள்ளைக்கு அவளால் ஒரு நாட்டைக் கொடுக்க முடியவில்லை. 1948க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும். தகப்பன் பிரஜை இல்லை, ஆகவே பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. சொத்துப் பிதுரார்ஜிதமாக வருவது தெரியும். நமக்கு நாடில்லாமை பிதுரார்ஜிதமாக வந்தது.

இந்தியாவும் நம்மைத் தானாகத் தன் பிரஜைகளாக ஏற்கவில்லை. விண்ணப்பித்துப் பதிய வேண்டும் என்றது. இலங்கை நம்மை இந்தியர் என்றது. இந்தியா நம்மை இலங்கையில் வாழ்பவர் என்றது. நடுவில் நின்றவருக்கு வைத்த பெயர்தான் "நாடற்றவர்".

1949இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றது, தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை அல்லாதவர் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டுவதற்கு. ஒரு கையால் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்கள், மறு கையால் வாக்கைப் பிடுங்கினார்கள். இதற்குத் துணைபோன தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். எதிர்த்துப் பிரிந்து போனவர்களும் இருந்தார்கள். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தப் பிரச்சினை ஒரு முக்கியமான காரணம். கரையோரத்தில் வாழும் நீங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அன்று நமக்கு நடந்ததைப் பார்த்து, "நாளை இது நமக்கும் வரும்" என்று சொன்னவர்கள் உங்கள் பக்கத்திலும் இருந்தார்கள்.

நம் பக்கத்துத் தவறையும் ஒளிக்க வேண்டாம். அந்தச் சட்டம் அநியாயம், அதன்கீழ் விண்ணப்பிக்கக் கூடாது என்று முதலில் பகிஷ்கரித்தோம். கெடு 1951 ஆகஸ்ட் 5 வரைதான் என்று உறைத்தபோது காலம் மிகக் குறைவு. கடைசி நேரத்தில் தோட்டம் தோட்டமாக ஓடிப் படிவம் நிரப்பினோம். 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும். ஊரில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போய் ஓராண்டுக்கு மேல் தங்கினால் "தொடர்ந்து வசிக்கவில்லை" என்று தள்ளினார்கள். வேறு சின்னச் சின்னக் காரணங்களுக்கும் தள்ளினார்கள்.

சட்டத்தை நீதிமன்றத்திலும் எதிர்த்தோம். கேகாலைப் பகுதியில் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடக்கான்பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953இல் அங்கும் தோற்றோம். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, ஆகவே பாரபட்சம் இல்லை என்ற வாதம் வென்றது. 1952இல் சத்தியாக்கிரகம் செய்தோம். அந்த ஆண்டுத் தேர்தலில் தோட்டங்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. நம் மக்கள் தங்கள் வாக்கால் தங்கள் ஆள் ஒருவரை மறுபடி பாராளுமன்றம் அனுப்பியது 1977இல். முப்பது ஆண்டு இடைவெளி.

வாக்கில்லாதவன் வீட்டுக்கு வழியும் இல்லை

பிரஜாவுரிமை என்பது வெறும் கடதாசியா? அந்தக் கடதாசி இல்லாதபோது என்ன நடந்தது என்று பாருங்கள். அரசாங்கம் குடியேற்றத் திட்டங்களில் காணி கொடுத்தது. பிரஜைக்கு மட்டும். அரசாங்க உத்தியோகம் பிரஜைக்கு மட்டும். கிராமத்துக்குப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் வந்தபோது தோட்டம் அதே பழைய லயத்தோடும் பிள்ளைக் காம்பராவோடும் நின்றது. வாக்குக் கேட்டு வராத அரசியல்வாதி தார் ரோடு போட எதற்கு வருவான்? 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. சில இடங்களில் நிலம் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டது, அதே நிலத்தில் பரம்பரையாக வேலை செய்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் அலைந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மனிதரைப் பங்கு போட்ட ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கணக்கு இப்படி: நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம். அதில் இந்தியா எடுப்பது 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கை எடுப்பது 3 லட்சம். மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அதையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்தை நிறுத்துப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். பங்கிடப்படுகிற நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் ஒரு பக்கம் விண்ணப்பித்தான், தம்பி மறுபக்கம். கலியாணமாகிப் போன மகள் இங்கே, தாய் தகப்பன் அங்கே. தலைமன்னாரில் கப்பல் ஏறுகிற அன்று எழுந்த ஒப்பாரியைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். செத்த வீட்டில் அழுவதுபோல் உயிரோடு இருப்பவருக்காக அழுதோம். நான்கரை லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடை சுமந்தவர்கள் பலர். இங்கே நம்மை "இந்தியாக்காரர்" என்றார்கள். அங்கே போனவர்களைச் "சிலோன்காரர்" என்றார்கள். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு போகாமல் தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம் பேர்.

1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போனார்கள். இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்கும் வந்தார்கள். வந்த இடத்திலும் கடதாசி இல்லாததால் காணிக்கு உத்தரவுப் பத்திரம் கேட்க முடியாமல் பலர் கஷ்டப்பட்டார்கள். பிறகு யுத்தம் அவர்களையும் உங்களையும் ஒன்றாகவே துரத்தியது.

குர்து மக்களிடமிருந்து ஒரு பாடம்

இப்போது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். குர்து மக்கள் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளின் மலைப்பகுதிகளில் வாழும் கோடிக்கணக்கான மக்கள். முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் 1920இல் செவ்ர் உடன்படிக்கையில் அவர்களுக்குத் தனிநாடு பற்றிப் பேச்சு இருந்தது. 1923இல் லொசான் உடன்படிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. அதன்பிறகு நான்கு அரசுகளின்கீழ் மொழிக்குத் தடை, ஊரழிப்பு, படுகொலை. 1988 மார்ச்சில் ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். "மலையைத் தவிர நமக்கு நண்பர் இல்லை" என்பது அவர்கள் பழமொழி. மலைநாட்டில் வாழும் நமக்கு அது விளங்கும்.

அவர்கள் தங்களுக்கென்று ஓர் அரசு இல்லாத மக்கள். நாம் கேட்டது தனி அரசை அல்ல. பிறந்த நாட்டிலே பிரஜையாக இருக்கும் உரிமையைத்தான் கேட்டோம். அந்த வித்தியாசம் உண்மை. ஆனால் சிரியாவில் 1962 அக்டோபர் 5ஆம் திகதி நடந்ததைக் கேளுங்கள். ஹசாக்கா மாகாணத்தில் மட்டும், ஒரே நாளில், ஒரு குடிசனமதிப்பு எடுத்தார்கள். 1945க்கு முன்பிருந்தே இங்கே வசித்தாய் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். காட்ட முடியாத ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் குர்துகள் மறுநாள் பிரஜைகள் இல்லை. சிலரை "வெளிநாட்டார்" என்று பதிந்தார்கள். சிலரைப் பதியவேயில்லை. ஒரே வீட்டில் அண்ணன் பிரஜை, தம்பி வெளிநாட்டான். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே கதி. 2011இல், நாடெங்கும் கிளர்ச்சி வெடித்த பிறகுதான், "வெளிநாட்டார்" என்று பதியப்பட்டோருக்கு ஜனாதிபதி கட்டளை மூலம் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். பதியப்படாதவர்களை அந்தக் கட்டளை சேர்க்கவில்லை.

1948இல் நம்மிடம் கேட்டதும் 1962இல் அவர்களிடம் கேட்டதும் ஒரே கேள்விதான். ஒரு மக்களை நாட்டிலிருந்து நீக்க எப்போதும் துவக்கு வேண்டியதில்லை. அவர்களிடம் இருக்க முடியாத கடதாசியைக் கேட்டாலே போதும்.

எப்படி மீட்டோம்

மீட்டது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததால் அல்ல. 1986 தைப்பொங்கலன்று தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் மலைக்குப் போகாமல் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கூடினோம். கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. ஆனால் கொழுந்து முற்றிக் கொண்டே போனது. ஆலைச் சங்கு ஊதவில்லை. சில நாட்களிலேயே அரசாங்கம் பேச வந்தது. மிஞ்சியிருந்த 94 ஆயிரம் நாடற்றவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்க 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம் வந்தது. அப்படியும் முடியவில்லை. அலுவலகங்களில் கோப்புகள் தூங்கின.

2003 அக்டோபரில் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஒரு பிரகடனம் செய்தால் போதும். சங்கங்களும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் தோட்டங்களில் நடமாடும் சேவை நடத்தின. பத்து நாட்களில் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் "முடியாது, சிக்கல், ஆராய வேண்டும்" என்று சொன்ன வேலைக்கு, மனம் வைத்தபோது பத்து நாள்தான் தேவைப்பட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்று செய்ய வேண்டியது

நம் வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள். பழைய தோட்டத்துப் பற்றுச்சீட்டு, 1951 விண்ணப்ப ரசீது, பாவிக்காத இந்தியக் கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம் என்று ஒரு குடும்பத்தின் முழுச் சரித்திரமும் அதில் கிடக்கும். கறையான் அரிக்க விடாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். இலங்கைத்துறை மக்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2004 சுனாமியிலும் 2006 இடம்பெயர்விலும் பெட்டியோடு போனவர்கள் நீங்கள். ஒரு பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். தவறவிட்டவர்கள் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவாளர் பெயரை எழுதும்போது எழுத்தைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர் என்று இருப்பதால் நாற்பது வருஷ உழைப்பின் பணத்தை எடுக்க முடியாமல் அலைகிற தாய்மார் எத்தனை பேர்! பதினைந்து வயதானதும் அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே பிறந்த பிள்ளைகளின் பதிவை முடிக்காமல் விடக்கூடாது. தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். இதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

பிரஜாவுரிமையோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. தோட்டங்களுக்குப் பிரதேச சபை சேவை செய்யலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2018இல்தான். இன்றும் லயத்து வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. பல குடும்பங்களுக்குச் சொந்த வீட்டு விலாசம் இல்லை, தோட்டத்துப் பெயரில்தான் கடிதம் வருகிறது. நாடு கிடைத்தது. அந்த நாட்டில் ஒரு துண்டு நிலம் இன்னும் கிடைக்கவில்லை. 1946இல் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இருந்த நாம் 2012 குடிசனமதிப்பில் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர். நூற்றுக்கு நாலு பேர்தான். போனவர்கள் போக, தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்களும் உண்டு. நம் விகிதம் குறைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெயரும் முக்கியம்.

தோழர்களே, 1951இல் கெடுவை நாம் பிந்திக் கவனித்தோம். அதற்கு இரண்டு தலைமுறை விலை கொடுத்தோம். இனி அப்படி ஒரு கெடு நம்மைத் தூங்கும்போது கடந்து போகக் கூடாது. அடுத்த முறை யாராவது வந்து "உன் பாட்டன் எங்கே பிறந்தான்?" என்று கேட்டால், நம் பேரப்பிள்ளை எழுந்து, "இந்த மண்ணில். இதோ பத்திரம். இதோ என் வாக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது.

இலங்கைத்துறை மக்கள் எங்களுக்குச் சோறு போட்டீர்கள், உறவாக நடத்தினீர்கள். உங்கள் காணிப் பிரச்சினைக்கு எங்கள் குரலும் சேரும். மலைக்கு வாருங்கள்.